அம்மாவிடம் சொல்ல வேண்டாம்: உணவு விளம்பரங்களில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

கேள்வி: சமையலறையில் தடுமாறும் கணவன், அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் மனைவி. உணவு விளம்பரங்களில் இதை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறோம். கேலிக்கு ஆளாவது ஆண்தானே, பிறகு பெண்கள் ஏன் கோபப்படுகிறார்கள்? வெளிநாட்டில் இப்படி ஒரு விளம்பரத்தையே நிறுத்தினார்களாமே, அது அளவுக்கு மீறியது இல்லையா?

பதில்:

கேள்வியின் பின்பாதியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் சொல்லும் அந்த விளம்பரம் பிரிட்டனில் வந்தது. அதன் மேல் வந்த தீர்ப்பைப் படித்தால் முன்பாதிக்கும் விடை கிடைத்துவிடும்.

பிலடெல்பியா என்ற கிரீம் சீஸுக்காக 2019-ல் எடுத்த டிவி விளம்பரம் அது. ஒரு பெண் தன் குழந்தையைக் கணவரிடம் கொடுக்கிறார். பக்கத்தில் இன்னொருவர், அவர் கையிலும் ஒரு குழந்தை. இருவரும் புதிதாக அப்பா ஆனவர்கள். அவர்கள் இருக்கும் உணவகத்தில் தட்டுகள் கன்வேயர் பெல்ட்டில் சுற்றி வருகின்றன. சீஸ் தடவிய பலகாரத்தைப் பார்த்ததும் இருவரும் தங்களை மறந்து சாப்பிட ஆரம்பிக்க, குழந்தைகள் பெல்ட்டில் ஏறித் தட்டுகளோடு தட்டாகப் போய்விடுகின்றன. பதறி ஓடி எடுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் தன் குழந்தையிடம், இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்கிறார்.

இதன் மேல் 128 புகார்கள் போயின. அந்த நாட்டின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பான அட்வர்டைசிங் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டி, தீங்கு விளைவிக்கும் ஆண் பெண் வார்ப்புகளுக்கு, அதாவது ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று அச்சில் வார்த்தது போன்ற எண்ணங்களுக்கு எதிரான புதிய விதியை 2019 ஜூன் 14 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. அதன் கீழ் முதலில் சிக்கிய இரண்டு விளம்பரங்களில் இது ஒன்று. நிறுவனத்தின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நேர்மையான வாதம்: குழந்தை வளர்ப்பு அம்மாவின் வேலை என்ற பழைய படத்தைத் தவிர்க்கத்தான் இரண்டு அப்பாக்களைப் போட்டோம் என்றார்கள். அமைப்பு ஏற்கவில்லை. ஆண்கள் என்பதால்தான் பிள்ளையைக் கவனிக்கத் தவறினார்கள் என்ற பொருள் வருகிறது, இந்த வடிவில் இதை இனி ஒளிபரப்பக் கூடாது என்று ஆகஸ்டில் சொன்னது.

அந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் ஒன்று உண்டு. இது நகைச்சுவைதானே என்ற வாதத்துக்கு அவர்கள் சொன்ன பதில் அது. நகைச்சுவை அந்த வார்ப்பின் தீங்கைக் குறைக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு அந்த வார்ப்பு ஏற்கெனவே பழகியிருப்பதால்தான் சிரிப்பே வருகிறது என்றார்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அதே காட்சியில் இரண்டு அப்பாக்களை எடுத்துவிட்டு இரண்டு அம்மாக்களை வையுங்கள். சாப்பாட்டு ருசியில் பிள்ளையை மறந்துவிட்டார்கள், குழந்தை பெல்ட்டில் போகிறது. சிரிப்பு வருமா? எனக்கு வரவில்லை, வயிற்றைப் பிசைகிறது. இவளெல்லாம் ஒரு தாயா என்று கேட்க நம் ஊரிலும் ஆள் இருக்கும், லண்டனிலும் இருக்கும். ஆக, அதே தவறை அப்பா செய்தால் வேடிக்கை, அம்மா செய்தால் குற்றம். இந்த வித்தியாசத்தின் மேல்தான் அந்த நகைச்சுவை நிற்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. தடுமாறுகிற ஆணைக் காட்டும்போது கேலிக்கு ஆளாவது அவன்தான், உண்மை. ஆனால் அந்தக் கேலியில் அவன் இழப்பது எதுவும் இல்லை. சிரித்து முடித்ததும் அவன் எழுந்து கூடத்துக்குப் போய்விடலாம். கருகிய வாணலியைத் தேய்ப்பது மனைவி. "உங்களுக்கு இதெல்லாம் வராது, தள்ளுங்க" என்று அவள் சொல்லும் வசனம் அவனுக்கு விடுதலைப் பத்திரம் மாதிரி, அவளுக்கோ ஆயுள் நியமனம். சமூகவியல் அறிஞர் எர்விங் காஃப்மன் 1970களிலேயே பத்திரிகை விளம்பரப் படங்களை நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்து ஆராய்ந்தபோது இதைக் கவனித்தார். வீட்டு வேலையில் ஆணைக் காட்டும் படங்களில் அவனைக் கோமாளியாகவோ சின்னப் பிள்ளை போலவோ ஆக்கிவிடுகிறார்கள். நம்பவே முடியாத அளவுக்கு அசடாகக் காட்டிவிட்டால், நிஜ ஆண்கள் திறமைசாலிகள் என்ற பிம்பத்துக்குப் பங்கம் வராமல் போகிறது. அவர் சொன்னதன் சாரம் இது. அந்த அப்பாக்கள் சீஸைப் பார்த்ததும் குழந்தையையே மறப்பதை இதோடு வைத்துப் பார்த்தால் அசட்டுத்தனம் ஏன் அவ்வளவு தூக்கலாக இருந்தது என்பது புரியும்.

இது வெறும் திரைச் சமாச்சாரமும் இல்லை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்தாலும் பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. 2024 கணக்கெடுப்பில் 289, 88 என்று இரண்டுமே கொஞ்சம் இறங்கியிருக்கின்றன. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள இடைவெளி அப்படியே நிற்கிறது. இந்த வீடுகளில்தான் அந்த விளம்பரங்கள் ஓடுகின்றன.

சரி, ஆணுக்குச் சமைக்கத் தெரியாது என்பதாவது உண்மையா? நம் மொழியே அப்படிச் சொல்லவில்லை. பிரமாதமான சமையலுக்கு நாம் வைத்திருக்கும் சொல் நளபாகம், அடுத்தது பீமபாகம். இரண்டும் ஆண்களின் பெயர். கல்யாணச் சமையலில் கோட்டை அடுப்பு முன்னால் நிற்பது யார், ஹோட்டலில் மாஸ்டர் என்றால் மனதில் வருவது யார்? என் பெரியப்பா கும்பகோணம் பக்கம் சமையல் காண்டிராக்ட் எடுத்தவர். ஆயிரம் பேர் பந்திக்கு மளிகை லிஸ்ட்டை வாய்க்கணக்காகவே சொல்வார். மிளகாய் வற்றல் இத்தனை கிலோ, புளி இத்தனை கிலோ என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் கைதான் வலிக்கும். வீட்டில் அதே மனிதர் தண்ணீர் சொம்பைக்கூட எடுத்தது கிடையாது. பெரியம்மாதான் எல்லாம். கூலியும் பேரும் வரும் இடத்தில் சமையல் ஆண் தொழில், இரண்டும் வராத இடத்தில் பெண்ணின் இயல்பு. திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விளம்பரம் மட்டும், ஆணுக்குப் பிறவியிலேயே கை வராது என்பது போலக் காட்டி நம்மைச் சிரிக்கச் சொல்கிறது.

இதுவரை கேலியைப் பற்றிச் சொன்னேன். பாராட்டும் இதே வேலையைச் செய்யும், சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே செய்யும். 2012 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டனின் அஸ்டா பல்பொருள் அங்காடி ஒரு விளம்பரம் வெளியிட்டது. ஒரு அம்மா மரத்தைத் தூக்கி வருகிறார், பரிசுகளைப் பொட்டலம் கட்டுகிறார், ஊரைக் கூட்டி விருந்து சமைக்கிறார். எல்லோரும் உட்கார்ந்ததும் அவருக்கு மிஞ்சுவது தாழ்வான ஒரு குட்டி இருக்கை. மேஜைக்கு மேல் அவர் தலைதான் தெரிகிறது. எல்லாம் முடிந்து அப்பாடா என்று சாய்ந்ததும், ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று கேட்கிறார் கணவர். ஒவ்வொரு சிறந்த கிறிஸ்துமஸுக்குப் பின்னாலும் ஒரு அம்மா, அம்மாவுக்குப் பின்னால் அஸ்டா என்று முடிகிறது. 620 பேர் புகார் செய்தார்கள். அவர்களில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களும் உண்டு, தாங்கள் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டோம் என்று. 2013 தொடக்கத்தில் அந்தப் புகார்கள் தள்ளுபடி ஆயின. 620 புகார் போதாமல், ஆறு வருடம் கழித்து 128 போதுமானதற்குக் காரணம் இடையில் வந்த விதிதான்.

அந்தத் தாழ்ந்த இருக்கையைப் பார்த்து நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு எங்கள் வீட்டில் அம்மா கடைசியாக, அடுப்படித் தரையில் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. அந்த விளம்பரம் அந்த உழைப்பைப் பார்க்கிறது, அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் பார்த்த பிறகும் யாரும் எழுந்து அவருக்கு ஒரு நாற்காலி போடவில்லை. கடையும் போடவில்லை, அவருக்குப் பின்னால் நிற்கிறோம் என்கிறது.

நம் பக்கத்தில் இந்தப் பாராட்டுக்குப் பெயர் கைமணம், கைப்பக்குவம். எவ்வளவு அழகான சொற்கள், எவ்வளவு இறுக்கமான முடிச்சு! ருசி அவள் கையில் இருக்கிறது என்றால் அந்தக் கைக்கு லீவு கிடையாது. பாக்கெட் மசாலா விற்கிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். வேலையைக் குறைக்கிற பொருளை விற்க வேண்டும், ஆனால் அம்மாவின் பெருமை குறைந்ததாகவும் தெரியக் கூடாது. அதனால் பொட்டலத்தை வெட்டிப் போட்டாலும் பாராட்டு அம்மாவுக்கே போகிற மாதிரி காட்சி அமைப்பார்கள். ஆச்சி என்ற பெயரையே பாருங்கள். தொழிற்சாலையில் அரைத்த பொடிக்கு வீட்டு மூத்த பெண்ணின் முறைப்பெயர். இதயம் நல்லெண்ணெய் விளம்பரத்தில் வந்த நடிகை சித்ரா, ஏராளமான படங்களில் நடித்த பிறகும் கடைசி வரை நல்லெண்ணெய் சித்ரா என்றே அழைக்கப்பட்டார். இன்னொரு பக்கம் நரசுஸ் காபியின் "பேஷ் பேஷ், ரொம்ப நன்னா இருக்கு". தமிழ்நாட்டில் இதைத் தெரியாத வீடு இருக்காது. அது குடிக்கிறவரின் குரல். ருசி பார்த்துச் சொல்லும் உரிமை ஆணுக்கு, போட்டுக்கொடுக்கும் பொறுப்பு பெண்ணுக்கு என்பது பலபேர் வீட்டு வழக்கம். ரசித்துக் குடித்துவிட்டு "பேஷ்" சொன்னால் கணக்கு தீர்ந்தது என்ற எண்ணத்துக்கும் அந்த வரி நன்றாகப் பொருந்திக்கொண்டது.

மேகியின் கதை இதில் எனக்கு ரொம்ப முக்கியம். 1880களில் சுவிட்சர்லாந்தில் ஜூலியஸ் மேகி பயறு மாவையும் சூப் பொடியையும் உருவாக்கியதன் பின்னணி, அங்கே பெண்கள் தொழிற்சாலை வேலைக்குப் போய் வந்ததும் சமைக்க நேரம் இல்லாமல் தவித்தது. வேலைக்குப் போகும் பெண்ணுக்காகப் பிறந்த பெயர் அது. 1983-ல் அதே பெயர் நூடுல்ஸாக இந்தியாவுக்கு வந்தது. பிள்ளைகள் பசி என்று ஓடி வருவார்கள், அம்மா சிரித்தபடி இரண்டே நிமிடம் என்பாள். அவளுக்கு வேறு வேலை இருப்பதாகவே தெரியாது, பிள்ளைகளின் பசிக்காகக் காத்திருப்பதே அவள் வேலை போல. நூறு வருடத்தில் அந்தப் பெயர் தொழிற்சாலையிலிருந்து அடுப்படிக்குத் திரும்பிப் போயிருக்கிறது. அப்புறம், ஹாஸ்டலில் அதைக் கிண்டித் தின்று வளர்ந்த பையன்கள் லட்சக்கணக்கில் இருந்தும், அந்த இரண்டு நிமிடம் ரொம்ப காலம் அம்மாவின் பெயரிலேயே இருந்தது.

பிரெஸ்டீஜ் குக்கரின் இந்தி வாசகத்தையும் விட முடியாது. மனைவியை நேசிக்கிறவர் பிரெஸ்டீஜை எப்படி மறுப்பார் என்று அர்த்தம். குக்கர் வெடிக்கும் என்ற பயம் பரவலாக இருந்த காலத்தில், பாதுகாப்பை முன்வைத்து அதை விற்றார்கள். அவள் உயிர் மேல் அக்கறை, நல்லது. ஆனாலும் அன்பின் எல்லை நல்ல குக்கர் வாங்கிக்கொடுப்பதோடு நின்றுவிடுகிறது, அரிசி களைவது வரை வருவதில்லை.

ஆண்களுக்கு மட்டும் என்று விற்ற பண்டங்களும் உண்டு. 2002-ல் பிரிட்டனில் யார்க்கி சாக்லேட் உறையில் இது பெண்களுக்கு இல்லை என்றே அச்சடித்தார்கள். ஒரு பெண் பொய்த்தாடி ஒட்டிக் கட்டடத் தொழிலாளி வேஷத்தில் வந்து வாங்கப் பார்ப்பதுதான் விளம்பரம். அமெரிக்காவில் 2011-ல் 10 கலோரி மட்டுமே உள்ள டாக்டர் பெப்பர் டென் பானம் இதே வசனத்தோடு வந்தது. டயட் என்றால் பெண்கள் சமாச்சாரம் என்று நினைக்கும் ஆண்களிடம் டயட் பானத்தை விற்க வேண்டுமே! இந்த இரண்டும் சும்மா வேடிக்கைக்குத்தான் என்றார்கள். எனக்கு அவற்றைவிட ஸ்னிக்கர்ஸ்தான் யோசிக்க வேண்டியதாகப் படுகிறது, ஏனென்றால் அது உண்மையிலேயே நன்றாக எடுக்கப்பட்டது. பசித்தால் நீ நீயாக இருப்பதில்லை என்ற கருத்து. 2010-ல் வந்த முதல் படத்தில், பந்து விளையாடும் இளைஞன் பசியில் வயதான நடிகை பெட்டி ஒயிட்டாக மாறிச் சேற்றில் விழுகிறான். கடைசியில் இன்னொருவன் ஒரு கிழவராகவும் மாறுவதால் அதில் முதுமைதான் பெரிய கேலி, பெண் என்பது இரண்டாவது. இந்தியாவுக்கு வந்தபோது ஊர்மிளா மாதோண்ட்கர், ரேகா போன்ற நடிகைகளாகப் பையன்கள் மாறினார்கள். முதுமை பின்னால் போய், சிணுங்குகிற கதாநாயகி முன்னால் வந்தாள். சாக்லேட்டைக் கடித்ததும் மறுபடி ஆண். "பொட்டை மாதிரி அழாதே" என்று பள்ளிக்கூட மைதானத்தில் கேட்ட வசனத்தின் பளபளப்பான வடிவம்தான் இது. அந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்த பையன்களுக்கும் அது நல்லது செய்யவில்லை.

நல்ல எண்ணமே சறுக்கியதற்கும் ஓர் உதாரணம்: 2021 மார்ச் 8, மகளிர் தினம். பெண்களின் இடம் சமையலறை என்று ட்விட்டரில் எழுதியது பர்கர் கிங்கின் பிரிட்டன் கணக்கு. அடுத்தடுத்த பதிவுகளில், அவர்கள் விரும்பினால் மட்டும் என்றும், சமையல் கலைஞர்களில் 20 சதவீதமே பெண்கள் என்பதால் பெண் ஊழியர்களுக்கு உதவித்தொகை தருகிறோம் என்றும் தொடர்ந்தது. விஷயம் நல்ல விஷயம். ஆனால் முதல் வரி மட்டும் தனியாகக் கிளம்பி ஊர் சுற்றியது. அன்றே மன்னிப்புக் கேட்டு அழித்தார்கள். ஓட்டல் அடுப்பு ஆணிடமும் வீட்டு அடுப்பு பெண்ணிடமும் இருப்பதைத்தான் அவர்கள் பேச வந்தார்கள், நான் நளபாகம் பற்றிச் சொன்ன அதே விஷயம். பழைய வசவை எடுத்து வாசலில் மாட்டிவிட்டு, உள்ளே வாருங்கள் விளக்கம் இருக்கிறது என்றால் யார் வருவார்கள்?

அப்படியென்றால் ஆண் பெண் வேறுபாட்டை வைத்துச் சிரிக்கவே கூடாதா? சிரிக்கலாம். கேட்பரி டெய்ரி மில்க் விளம்பரம் ஞாபகம் இருக்கும். 1990களில் வந்தது. பேட்ஸ்மேன் சிக்ஸர் அடித்ததும் காதலி காவலாளியை ஏமாற்றிவிட்டு மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடுவாள். ஒரு பெண் யார் பார்ப்பார்கள் என்ற கூச்சமில்லாமல் ஆடியது அந்தக் காலத்தில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். 2021 செப்டம்பரில் அதையே திருப்பிப் போட்டார்கள். அடிப்பது பெண், ஆடிக்கொண்டே ஓடுவது அவளுடைய ஆண். எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவன் ஆடுவதைக் கேலியாக்கவில்லை. முன்பு அவள் எவ்வளவு கூச்சமில்லாமல் ஆடினாளோ அவனும் அவ்வளவே. யாரும் தாழவில்லை, சிரிப்பும் கெடவில்லை. 1966 முதல் வெண்ணெய் விற்கும் அமுல் சிறுமியையும் சொல்ல வேண்டும். புள்ளிப் பாவாடை கட்டிய அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, அவள்தான் நாட்டு நடப்பை வைத்து ஜோக் அடிக்கிறாள். உணவு விளம்பரத்தில் ஜோக் சொல்கிற பெண்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணுங்கள், அவள் அருமை தெரியும்.

இனி, நிறுத்தியது அளவுக்கு மீறியதா என்ற கேள்வி. தடை என்றதும் சிறை, அபராதம் என்று தோன்றும். அந்த அமைப்புக்கு அபராதம் போடும் அதிகாரமே இல்லை. அந்த வடிவில் மறுபடி போடாதே என்பதுதான் உத்தரவு. பெண் சமைப்பதையோ ஆண் ஆணி அடிப்பதையோ காட்டக் கூடாது என்றும் விதி சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் குப்பை போட்டுவிட்டு ஒருத்தி மட்டும் அள்ளுவதை இயல்பு போலக் காட்டாதே, ஆண் என்பதால் குழந்தைக்குத் துணி மாற்ற வராது, பெண் என்பதால் காரை நிறுத்த வராது என்று காட்டாதே, அவ்வளவுதான். இந்தியாவிலும் 1985 முதல் இயங்கும் விளம்பரத் தரக் கவுன்சில், அதாவது ஆஸ்கி, 2022 ஜூனில் இதே போன்ற நெறிமுறைகளை வெளியிட்டது. வார்ப்புக்குள் அடங்காதவர்களை நகைச்சுவை என்ற பெயரிலும் ஏளனம் செய்யக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. இது விளம்பரத் துறையினரே வைத்துக்கொண்ட சுயக் கட்டுப்பாடு. பார்வையாளர் யாரும் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். என் கருத்தில் இது அளவோடுதான் இருக்கிறது. வேறு நல்ல ஜோக் யோசிக்கச் சொல்வதில் கருத்துச் சுதந்திரம் ஒன்றும் கெட்டுவிடாது.

அப்படி ஒரு நல்ல ஜோக் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் கட்டுப் போட்டு மூன்று மாதம் படுத்திருந்தார். பெரியப்பா அடுப்படிக்குள் போனார். ஆயிரம் பேருக்குச் சமைத்தவர், எல்லா டப்பாவையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது: "ஏம்மா, ரெண்டு பேர் சாம்பாருக்குப் புளி எவ்வளவு?"

"நெல்லிக்காய் அளவுங்க."

"அவ்வளவுதானா?"

"சின்ன நெல்லிக்காய்."

பெரியம்மா கட்டோடு சிரித்துச் சிரித்து இடுப்பு வலிக்கிறது என்று அழுதார். பெரியப்பாவும் சிரித்தார். அன்றைக்குச் சாம்பார் எட்டுப் பேருக்கு வந்தது, பக்கத்து இரண்டு வீட்டுக்கும் கொடுத்தோம். மறுநாள் நாலு பேருக்கு இறங்கியது. வார முடிவில் சரியாக இரண்டு பேருக்கு வைத்தார், கட்டுப் பிரித்த பிறகும் காலைச் சாம்பார் அவருடையதாகவே இருந்தது.